ஏவுகணைப் பட்டியலில் விடுபட்டுப்போன நொடிகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் இளைஞர் பக்கத்தில், ‘வார் தண்டர்’ என்ற கணினிப் போர் விளையாட்டில், ஹெலிகாப்டரிலிருந்து டேங்குகளை அடிக்கும் ஏவுகணைகளை ஒப்பிட்டு ஒரு கட்டுரை வந்திருந்தது. இந்த விளையாட்டைப் பற்றித் தமிழ் நாளிதழ் ஒன்றில் அரைப்பக்கம் வரும் என்று நான் எதிர்பார்த்ததே இல்லை. டீக்கடையில் நின்றபடியே முழுக்கப் படித்துவிட்டு, சேர்ந்து ஆடும் நண்பர்களுக்கெல்லாம் படமெடுத்து அனுப்பினேன். எழுதியவருக்கு இதில் ஆர்வம் இருக்கிறது, உழைத்தும் இருக்கிறார். ஆனால் கட்டுரையோடு போட்டிருந்த தரவரிசைப் பட்டியலை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்தப் பட்டியலில் இரண்டே அளவுகள்: எவ்வளவு தூரம் போகும், எவ்வளவு தடித்த கவசத்தைத் துளைக்கும். அதை வைத்து ரஷ்யாவின் விகிருக்கு முதலிடம், அமெரிக்காவின் ஹெல்ஃபயருக்கு இரண்டாமிடம், ஜெர்மானிய டைகர் ஹெலிகாப்டரின் பார்ஸுக்கு மூன்றாமிடம், அப்புறம் ஐரோப்பாவின் ஹாட், கடைசியில் அமெரிக்காவின் டோ. முடிவில் ஒரு வரி: 7 கிலோமீட்டர் மட்டுமே போகும் நம் நாட்டு ஹெலினா, விகிர் பக்கத்தில்கூட நிற்க முடியாதாம். அந்த வரி இல்லாதிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன்.

நான் பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு சிறிய பட்டறையில் தரப் பரிசோதனை பார்க்கிறேன். கணினி இயக்கும் சி.என்.சி. மெஷினிலிருந்து வரும் அலுமினியப் பாகங்களை அளந்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. எங்கள் தொழிலில் நீள அளவை 20 டிகிரி செல்சியஸில் சொல்வதுதான் உலக வழக்கம். 100 மில்லிமீட்டர் அலுமினியத் துண்டு 30 டிகிரியில் இருந்தால் ஏறத்தாழ 23 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 23 பங்கு, கூடியிருக்கும். அந்த வித்தியாசத்தைக் கவனிக்காவிட்டால் நல்ல பாகம் கழிவுத் தொட்டிக்குப் போகும், கழிக்க வேண்டியது வாடிக்கையாளரிடம் போகும். எந்த நிலையில் அளந்தது என்று எழுதாத எண்ணில் நான் கையெழுத்துப் போடுவதில்லை. ஏவுகணையின் தூரத்தையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். 10 கிலோமீட்டர் போகும் என்கிறார்கள், சரி. அது போய்ச் சேரும் வரை ஹெலிகாப்டர் எங்கே நிற்க வேண்டும்? ஓட்டுபவர் என்ன செய்துகொண்டிருக்க வேண்டும்? இதைச் சொல்லாமல் 10 என்று மட்டும் எழுதினால் எப்படி?

விளையாட்டை அறியாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். வார் தண்டரில் ஹெலிகாப்டர்கள் 2018இல் வந்தன. நாங்கள் ஆடும் தரைப்போர் ஆட்டத்தில் டேங்க், விமானம், ஹெலிகாப்டர், விமான எதிர்ப்பு வண்டி எல்லாம் ஒரே களத்தில் மோதும். எடுத்த உடனே நல்ல ஏவுகணை பூட்டிய ஹெலிகாப்டரில் ஏறிவிட முடியாது. முதலில் டேங்கில் இறங்கிச் சண்டை போட்டுப் புள்ளி சேர்க்க வேண்டும். அப்படிப் பாடுபட்டு எடுத்த ஹெலிகாப்டரை அரை நிமிடத்தில் இழந்தால் ஆட்டமே கையை விட்டுப் போய்விடும். ராத்திரி பத்து மணிக்கு மேல் நாங்கள் நாலு பேர் சேருவோம். நான் ஸ்ரீராமபுரத்திலிருந்து, ஒருவர் அல்சூரிலிருந்து, ஒருவர் மாரத்தஹள்ளியிலிருந்து, இன்னொருவர் கே.ஜி.எஃப். என்னும் கோலார் தங்கவயல் ஊரிலிருந்தே. கே.ஜி.எஃப். நண்பர்தான் எங்கள் விமான எதிர்ப்பு ஆள். எதிரணி ஹெலிகாப்டர் மேட்டுக்கு மேலே தலையை நீட்டினால் முதலில் பார்ப்பது அவர் கண்தான்.

அவரிடமிருந்துதான் நான் கணக்கைத் தொடங்குகிறேன். ஏனென்றால் ஹெலிகாப்டரைக் கொல்வது தரையில் இருக்கும் அந்த ஆள். ரஷ்யாவின் பான்ட்சிர் என்ற விமான எதிர்ப்பு வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஏவுகணை 5 கிலோமீட்டரை ஏறத்தாழ 5, 6 நொடியில் தாண்டிவிடும். ரேடாரில் புள்ளி தெரிந்து, குறி பிடித்து, ஏவுவதற்கு இன்னும் சில நொடி. இரண்டையும் கூட்டினால் ஹெலிகாப்டருக்குக் கிடைக்கும் அவகாசம் எவ்வளவு என்று தெரியும். மேட்டுக்குப் பின்னாலிருந்து எழும்பியதிலிருந்து திரும்ப இறங்கும் வரை ஆகும் நேரத்தை நாங்கள் ‘தலை நீட்டும் நேரம்’ என்போம். அந்த நேரம் எதிரியின் நேரத்தைவிடக் குறைந்தால் நீங்கள் பிழைப்பீர்கள், கூடினால் இல்லை. பட்டியலில் இருக்க வேண்டிய முதல் அளவு இதுதான்.

டோ கடைசி இடத்தில் இருப்பதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் அது கடைசியாக இருப்பதற்குத் தூரம் காரணமல்ல. டோ ஏவுகணை பின்னால் மெல்லிய கம்பியை விட்டுக்கொண்டே போகிறது. குறிக்கண்ணாடியில் இருக்கும் ஆள் கூட்டல் குறியை இலக்கின் மேல் கடைசி வரை பிடித்துக்கொண்டிருக்க, திருத்தங்கள் அந்தக் கம்பி வழியாகப் போகும். 3,750 மீட்டர் போக ஏறத்தாழ 20 நொடி ஆகும். அந்த 20 நொடியும் ஹெலிகாப்டர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நிற்க வேண்டும். 1972 மே மாதம் வியட்நாமில், கொன்டும் பகுதியில், அமெரிக்க ஹெலிகாப்டர்கள் முதன்முதலாக இதைப் போரில் ஏவியபோது எதிரே இன்று இருப்பது போன்ற வான்காப்பு வண்டிகள் இல்லை. வார் தண்டரிலும் கீழ்மட்ட ஆட்டங்களில், எதிரணியிடம் வெறும் இயந்திரத் துப்பாக்கியும் பழைய பீரங்கியும் இருக்கும் நேரத்தில், கோப்ரா ஹெலிகாப்டரில் எட்டு டோவைத் தொங்கவிட்டுக்கொண்டு போனால் நன்றாகவே வேலை செய்யும். அதே ஏவுகணையை மேல்மட்டத்துக்குக் கொண்டுபோனால் 20 நொடி யாரும் விட்டு வைக்க மாட்டார்கள். ஐரோப்பிய ஹாட்டும் கம்பி வகைதான். 4 கிலோமீட்டருக்கு 17 நொடிபோல் ஆகும். அதைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது விகிர். 4 கிலோமீட்டரை 9 நொடியில் முடித்துவிடும். இந்த வேகம்தான் அதன் உண்மையான பலம். கட்டுரையாளர் கொண்டாடிய 10 கிலோமீட்டரை நான் பெரிதாக நினைக்கவில்லை. அது லேசர் கற்றைக்குள் ஏறிச் செல்லும் வகை. ஏவுகணையின் வால்பக்கத்தில் இருக்கும் உணரி ஹெலிகாப்டரிலிருந்து வரும் கற்றையைப் பார்த்து, நடுவில் இருக்கிறோமா, ஓரத்தில் இருக்கிறோமா என்று தன்னைத் திருத்திக்கொள்ளும். கற்றைக்குப் பலமான லேசர் தேவையில்லை. அதனால் டேங்கில் இருக்கும் எச்சரிக்கைக் கருவிக்கு அதைக் கண்டுபிடிப்பது சிரமம். இலக்குக்கு அருகில் வந்ததும் தானாக வெடிக்கும் வசதியும் உண்டு, அதனால் விமானத்தின் மேலும் ஏவலாம். எங்கள் மாரத்தஹள்ளி நண்பர் அவரைத் துரத்தி வந்த விமானங்களை விகிரால் வீழ்த்தியதை நான் பக்கத்து ஹெலிகாப்டரிலிருந்து பார்த்திருக்கிறேன்.

ஆனால் விகிரிலும் கடைசி நொடி வரை குறியைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். தூரம் கூடக்கூட அந்த வேகத்தின் பலன் கரைகிறது. 8 கிலோமீட்டருக்கு அதற்கு ஆகும் நேரம் 23 நொடி. பாதித் தூரத்துக்கு 9, இரட்டைத் தூரத்துக்கு 23. முதலில் வேகமாகப் பாயும், எரிபொருள் தீர்ந்ததும் காற்று அதைப் பிடித்து இழுக்கும். ஆக, 8 கிலோமீட்டரில் விகிரை ஏவுகிறவர் 3,750 மீட்டரில் டோவை ஏவுகிறவரைவிட அதிக நேரம் தலை நீட்டுகிறார். இதை அந்தப் பட்டியலில் எங்காவது பார்க்க முடிகிறதா?

ஹெல்ஃபயருக்குக் கட்டுரையில் நியாயம் கிடைக்கவில்லை. அதன் உணரி மூக்கில் இருக்கிறது. இலக்கின் மேல் பட்டுத் திரும்பும் லேசர் புள்ளியைத் தேடிப் போகும். அந்தப் புள்ளியை ஏவிய ஹெலிகாப்டர்தான் வைக்க வேண்டும் என்பதில்லை. முன்னால் ஒளிந்திருக்கும் இன்னொரு ஹெலிகாப்டர் வைக்கலாம், தரையில் படுத்திருக்கும் ஒரு வீரர் வைக்கலாம். ஏவுகிற அமெரிக்க அப்பாச்சி ஹெலிகாப்டர் மலைக்குப் பின்னாலேயே நின்று, இலக்கைப் பார்க்காமலே ஏவலாம். அதாவது தலை நீட்டும் நேரத்தைச் சுழியமாக்கவே யோசித்துச் செய்த ஆயுதம் அது. 1991 ஜனவரி 17 அதிகாலை, வளைகுடாப் போரின் தொடக்கத்தில், ஈராக்கின் ரேடார் நிலையங்களை அப்பாச்சிகள் ஹெல்ஃபயரால்தான் அடித்தன. பின்னால் வந்த லாங்போ வகையில் மூக்கில் லேசர் உணரிக்குப் பதில் மில்லிமீட்டர் அலை ரேடாரே வைத்துவிட்டார்கள். ஏவியதும் ஹெலிகாப்டர் இறங்கிக்கொள்ளலாம். நம் விமானப்படையும் 2019 செப்டம்பரில் பதான்கோட்டில் அப்பாச்சிகளைச் சேர்த்துக்கொண்டது.

விளையாட்டில் நாங்கள் ஆடும்போது குறி வைப்பவரும் ஏவுபவரும் ஒரே ஆள். ஹெல்ஃபயரின் பெரிய பலம் அங்கேயே பாதி போய்விடுகிறது. லேசர் புள்ளி இலக்கில் இருந்தால்தான் அது போகும், டேங்க் புகைக்குண்டு போட்டுவிட்டால் புள்ளி சிதறும், விகிரைவிட வேகமும் குறைவு. விளையாட்டுக்குள் ஹெல்ஃபயர் விகிருக்குப் பின்னால் நிற்பதற்கு இதுதான் காரணம். 8 கிலோமீட்டர், 10 கிலோமீட்டர் என்ற வித்தியாசத்துக்கு அதில் பங்கே இல்லை. விளையாட்டில் வரும் போலந்து, ஆஷ் ரிவர் போன்ற களங்களில் மேடும் மரமும் வீடும் மறைப்பதால் நாங்கள் ஏவுகிற தூரம் பெரும்பாலும் அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூடப் போவதில்லை.

துளைக்கும் ஆழத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மேல்மட்ட ஏவுகணைகள் எல்லாமே டேங்கின் பக்கவாட்டையும் கூரையையும் தாராளமாகத் துளைக்கும். எங்கே படுகிறது என்பதுதான் கேள்வி. கூரைமேல் வைத்த துப்பாக்கியிலோ, பக்கத்தில் தொங்கும் தகட்டிலோ பட்டு முன்கூட்டியே வெடித்தால், பட்டியலில் எத்தனை மில்லிமீட்டர் போட்டிருந்தாலும் டேங்க் நகர்ந்து போய்விடும்.

இதையெல்லாம் வாயால் சொல்வதோடு நிறுத்த எனக்கு மனமில்லை. ஒரு சனிக்கிழமை ராத்திரி நாலு பேரும் தனி ஆட்டம் ஒன்றைத் திறந்தோம். அல்சூர் நண்பர் டேங்கில் சாலையோரம் நின்றார். கே.ஜி.எஃப். நண்பர் பான்ட்சிரில். நானும் மாரத்தஹள்ளி நண்பரும் மாறி மாறி ஒரே மேட்டுக்குப் பின்னாலிருந்து ஒவ்வொரு ஏவுகணையாக ஏவினோம். திரையைப் பதிவு செய்து, ஹெலிகாப்டர் மேட்டுக்கு மேலே தெரிந்த நொடியிலிருந்து மறைந்த நொடி வரை பிறகு உட்கார்ந்து எண்ணினேன். டேங்க் நின்றபோது, நகர்ந்தபோது, புகை போட்டபோது என்று தனித்தனியாகக் குறித்துக்கொண்டேன். நின்ற டேங்குக்கு நடுத்தரத் தூரத்தில் விகிர்தான் நன்றாக இருந்தது, அதில் கட்டுரையாளரோடு ஒத்துப்போகிறேன். பான்ட்சிர் விழித்திருந்தபோது வரிசையே மாறியது. பார்ஸ் முன்னால் வந்தது.

பார்ஸ் வெப்பப் படத்தைப் பார்த்துத் தானே தேடிப் போகும். ஏவுவதற்கு முன்பே இலக்கை அதற்குக் காட்டி, அது பிடித்துக்கொண்டதும் விட்டுவிட்டு இறங்கிவிடலாம். வேகம் குறைவுதான். போய்ச் சேர நேரமாகும், அதற்குள் டேங்க் ஒரு வீட்டுக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டால் வீண். மரங்களுக்கு நடுவே நிற்கும் வண்டியைப் பிடிக்க வைப்பதற்குள் பொறுமை போய்விடும். இருந்தாலும் ஏவிய பிறகு நான் உயிரோடு இருந்தேன், அடுத்த ஏவுகணையும் என்னிடம் இருந்தது. விகிரை ஏவிய மாரத்தஹள்ளி நண்பரின் ஹெலிகாப்டர் டேங்கை அடித்த அதே நேரத்தில் தானும் கீழே விழுந்தது. ஒரு டேங்குக்கு ஒரு ஹெலிகாப்டர் என்ற கணக்கில் எந்தப் போரிலும் ஜெயிக்க முடியாது.

இன்னொரு விஷயம் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. விகிரைத் தூக்கிச் செல்லும் கா-50 நிஜத்தில் ஒரே இருக்கை கொண்ட ஹெலிகாப்டர். ஓட்டுவதும் அவரே, குறியைப் பிடிப்பதும் அவரே. அப்பாச்சியில் இரண்டு பேர்: முன்னால் ஆயுதம் இயக்குபவர், பின்னால் ஓட்டுபவர். கா-50 குடும்பத்திலேயே பின்னால் வந்த கா-52இல் ரஷ்யர்களும் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இருக்கை வைத்தார்கள். மரத்துக்கும் மின்கம்பிக்கும் நடுவே தாழப் பறந்துகொண்டு திரையையும் பார்ப்பது ஒரு ஆளுக்கு எவ்வளவு பாரம் என்று நினைத்துப் பாருங்கள். விளையாட்டில் எல்லா ஹெலிகாப்டரும் ஒரே ஆள் ஓட்டுவதுதான். கா-50இன் அந்தப் பாரம் அங்கே தெரியவே தெரியாது, அப்பாச்சியின் இரண்டாவது ஆளால் வரும் லாபமும் தெரியாது. அப்படியிருக்க விளையாட்டின் வெற்றி தோல்வியை வைத்து நிஜ ஆயுதத்தை எடைபோடலாமா? பிங் என்னும் இணையத் தாமத விஷயமும் இருக்கிறது. மழை நாளில் எங்கள் பகுதி இணையம் தடுமாறும்போது, கடைசி வரை குறி பிடிக்க வேண்டிய ஏவுகணைகள்தான் முதலில் தவறும். தானே தேடிப் போகும் பார்ஸுக்கு அந்தப் பாதிப்பு குறைவு.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு ஹெலினாவுக்கு வாருங்கள். ஹெலிகாப்டரிலிருந்து ஏவுவதற்காக நாக் ஏவுகணையிலிருந்து வளர்த்தது அது. ஹைதராபாத்தில் இருக்கும், அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் ஆய்வகத்தில் உருவானது. மூக்கில் வெப்பப் படம் பார்க்கும் உணரி. ஏவுவதற்கு முன்பே இலக்கைப் பிடித்துக்கொள்ளும், ஏவிய பின் தானே போகும். நேராகவும் தாக்கும், மேலேறிக் கூரையிலும் தாக்கும். 2021 பிப்ரவரியில் ராஜஸ்தான் பாலைவனத்திலும், 2022 ஏப்ரலில் உயரமான மலைப்பகுதியிலும் துருவ் ஹெலிகாப்டரிலிருந்து சோதித்தார்கள். இனத்தால் இது பார்ஸின் பக்கம் நிற்கும் ஆயுதம். இரண்டுக்கும் தூரம் 7 கிலோமீட்டர்தான். விகிரைப் பக்கத்தில் வைத்து ‘3 கிலோமீட்டர் குறைவு’ என்று சொல்வது, ஏவியவர் கடைசி வரை நிற்க வேண்டிய ஆயுதத்தையும் ஏவியதும் போய்விடலாம் என்ற ஆயுதத்தையும் ஒரே கோலால் அளப்பது. மலைக்குப் பின்னாலிருந்து எழும்பி ஏவிவிட்டு மறைய வேண்டிய நம் எல்லைப் பகுதிகளுக்கு எது தேவை என்று கட்டுரையாளர் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

இது எனக்கு எட்டாத தூரத்து விஷயமல்ல. நான் வேலைக்குப் போகும் தும்கூர் சாலையில் தும்கூரையும் தாண்டிப் போனால் குப்பி தாலுகாவில், விமானம் செய்யும் அரசு நிறுவனமான எச்.ஏ.எல்.லின் ஹெலிகாப்டர் ஆலை இருக்கிறது, 2023 பிப்ரவரியில் திறந்தது. எச்.ஏ.எல். செய்த பிரசண்ட் போர் ஹெலிகாப்டர் 2010 மார்ச்சில் முதன்முதலாகப் பறந்ததும் இந்த ஊரில்தான். ஸ்ரீராமபுரம், அல்சூர், விவேக்நகர் தமிழ்க் குடும்பங்களில் அப்படிப்பட்ட ஆலைகளில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள் நிறைய பேர். அந்த வீட்டுப் பிள்ளைகள்தான் உங்கள் இளைஞர் பக்கத்தைப் படிக்கிறார்கள்.

அதனால் ஒரு கவலையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. எண்களை வைத்துப் போடும் சண்டை இந்த விளையாட்டில் எங்கே கொண்டுபோய் விட்டது என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும். 2021 ஜூலையில் பிரிட்டனின் சேலஞ்சர் 2 டேங்கின் ரகசியக் கையேட்டுப் பக்கங்களை ஒருவர் இணையத்தில் பொதுவில் போட்டார். விளையாட்டில் அந்த டேங்கின் அளவுகள் தவறு என்று நிரூபிப்பதற்காக! அதே ஆண்டில் பிரான்சின் லெக்லெர்க் டேங்குக்கும் அப்படியே நடந்தது. விளையாட்டு நிறுவனம் அவற்றை நீக்கியது. பெங்களூரில் எச்.ஏ.எல்., ராணுவ மின்னணுக் கருவிகள் செய்யும் பி.இ.எல்., டி.ஆர்.டி.ஓ. ஆய்வகங்கள் என்று எத்தனை இடங்கள். ஹெலினா பற்றிய வாக்குவாதத்தில் ஜெயிக்க, அப்பா மேசையில் வைத்த ஒரு தாளை ஒரு பையன் படமெடுத்துப் போட்டால் என்ன ஆகும்? 1923ஆம் ஆண்டின் அலுவலக ரகசியச் சட்டம் விளையாட்டு என்று பார்க்காது. அப்பாவின் வேலை, பையனின் படிப்பு எல்லாம் அந்த ஒரு படத்தோடு போகும். ‘நம் ஏவுகணை மட்டம்’ என்று ஒரு நாளிதழ் எழுதும்போது, இல்லை என்று காட்டத் துடிக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். அரசே வெளியிட்ட செய்திக்குறிப்புகளில் இருப்பது ஒப்பிடுவதற்குப் போதும். இந்தக் கடிதத்தில் ஹெலினா பற்றிச் சொன்னதில் அதற்கு மேல் எதுவும் இல்லை.

என் வேண்டுகோள் இவ்வளவுதான். அடுத்த முறை பட்டியல் போடும்போது தூரத்துக்குப் பக்கத்தில், அந்தத் தூரம் போக எத்தனை நொடி ஆகும் என்று போடுங்கள். ஏவிய பிறகு ஹெலிகாப்டர் நிற்க வேண்டுமா, இறங்கலாமா என்று இன்னொரு கட்டம். இலக்கைக் காட்டுவது கம்பியா, லேசரா, வெப்பப் படமா, ரேடாரா என்று ஒரு கட்டம். புகை போட்டால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்தால் ஆடுகிற பிள்ளைகளுக்கு உடனே உதவும். எங்கள் சனிக்கிழமை ராத்திரிப் பதிவுகளும் நொடிக்கணக்குத் தாள்களும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. கட்டுரையாளர் கேட்டால் அனுப்பி வைக்கிறேன். அவரே எங்களோடு ஒரு நாள் ஆட வந்தாலும் சந்தோஷம்தான், பான்ட்சிரில் எங்கள் கே.ஜி.எஃப். நண்பர் உட்கார்ந்திருப்பார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஸ்ரீராமபுரம், பெங்களூரு